ஒரு மாத லீவு

அத்தியாயம் 14

குற்றாலத்தில் சொல்ல முடியாமல் போனதை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று பல் துலக்கும்போதே அஜ்மீர் முடிவு செய்தான்.

நேற்றே சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்தருவியில் அத்தனை கூட்டம். ஆண்கள் பக்கம் அவன், பெண்கள் பக்கம் மனைவி நிசா. எண்ணெய் வழியும் உடம்புகளுக்கு நடுவே முண்டியடித்துத் தலையை நனைத்துக்கொண்டு வெளியே வந்து அவளைத் தேடிப் பிடித்தபோது, அவள் நேந்திரம் சிப்ஸுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். வேலை போன சேதியைச் சொல்கிற இடமா அது?

ஆமாம், வேலை போய்விட்டது. ஷார்ஜாவில் இருபது வருடமாக அவன் ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பெனி, கிளையை மூடி, விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிட்டது. வளைகுடா ஆட்கள் பேச்சில் சொன்னால், அஜ்மீர் ‘கேன்சல்ல’ வந்திருக்கிறான். ஆனால் காரைக்கால் கோவில்பத்தில் வீட்டு வாசலில் டாக்ஸியை விட்டு இறங்கியதும் அவன் வாயில் வந்த வார்த்தை ‘லீவுல’.

ஒரு மாத லீவு. வழக்கம்போல.

அவன் வாழ்வது மனைவி அஜீசுன்னிசாவின் வீட்டில். அவர்கள் குடும்பங்களில் அதுதான் வழக்கம். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வான். பெட்டிகளோடு வந்து, விருந்து சாப்பிட்டு, வீடு வீடாகப் பயணம் சொல்லிவிட்டுக் கிளம்புகிற வரை அவன் மாப்பிள்ளை. கிளம்பாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டால் அதற்கு என்ன பெயர் என்று அஜ்மீருக்குத் தெரியவில்லை. தெரியாத பெயரைச் சுமக்கப் பயந்துதான் அந்தப் பொய்.

“காரை எடுத்துக்கிட்டு எங்கயாச்சும் போயிட்டு வரலாமா?” என்று போன வாரம் நிசாவிடம் கேட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவர் மட்டும் எங்கும் போனதில்லை. மாமனார் சேக் அலாவுதீனிடம் ஏர்வாடி தர்கா ஜியாரத் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். ஏர்வாடிக்கு முன்னால் அருவியும் ஆளில்லாத கடற்கரையும் பார்ப்பது என்பது அவர்கள் இருவருக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு.

நிசா குளித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

தௌஹீத். நிசாவின் தம்பி, அக்காவை ‘லாத்தா’ என்பவன். ஷார்ஜாவில் அஜ்மீரோடு ஒரே அறையில் இருந்தவன், இன்னும் அங்கேதான் இருக்கிறான். விஷயம் தெரிந்த ஒரே ஆள்.

“மச்சான், லாத்தாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னிக்கு சொல்லிடுவேன்.”

“திங்கக்கிழமையும் இதையேதான் சொன்னீங்க. இங்க உம்மா போன் மேல போன். எனக்கு இறால் பொடி இடிச்சு வச்சிருக்காம். ஒங்ககிட்ட குடுத்து விடுறேங்குது. நான் என்னத்த சொல்ல?”

“வேணாம்னு சொல்லேன்.”

“நான் எப்ப மச்சான் இறால் பொடி வேணாம்னு சொல்லியிருக்கேன்? ஒடனே சந்தேகம் வந்துடும்.”

அஜ்மீர் சிரித்துவிட்டான். தௌஹீத் சிரிக்கவில்லை.

“இன்னிக்கு அசர் தொழுகைக்குப் பொறவு நாகூர்க்காரங்க நௌஷினைப் பொண்ணு கேட்டு வர்றாங்க. வாப்பா ஒங்களுக்கு போன் போட்டு சம்மதம் கேப்பாங்க. நீங்க அடுத்த லீவுல வர்றதுக்குள்ள தலத்தெரு வீடு முடிஞ்சிடும்னு நம்பித்தான் பேச்சே நடக்குது. அதுக்கு முன்னாடி சொன்னா இது ஒங்க கஷ்டம் மச்சான். அப்புறம் சொன்னா ஏமாத்து.”

குளியலறைக் கதவு திறந்தது. “யாரு போன்ல?” என்றாள் நிசா, தலையைத் துவட்டிக்கொண்டே.

“ஒன் தம்பி. இறால் பொடி கேக்குறான்.”

“திங்கிறதுக்குன்னா மட்டும் லாத்தா வீடு ஞாபகம் வரும் அவனுக்கு.”

தலத்தெருவில் வாங்கிய மனையில் மகள் நௌஷினுக்காக எழுப்பிய தூண்கள், தலையில் கம்பியை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் கல்யாணம். அந்தத் தூண்களுக்கு மேல் கூரை போட இனி அஜ்மீரால் ஆகாது. இது அவனுக்கும் தௌஹீதுக்கும் மட்டும் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

*

பாபநாசத்தில் தங்கிய விடுதியிலிருந்து கிளம்பியதுமே அஜ்மீர் ஷார்ஜா பழக்கத்தில் காரை வலப்பக்கம் ஏற்றினான்.

“இடது, இடதுங்க!”

சடக்கென்று ஒடித்தான். எதிரே வந்த பால்காரர் மொபெட்டை ஓரம் கட்டி நின்று, முதலில் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“பாண்டிச்சேரி வண்டியா?” என்றார். “காலங்காத்தாலயேவா அண்ணாச்சி?”

நிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “அஞ்சு வேளையும் தொழுவுற மனுசருக்கு வந்த பேரப் பாருங்க.”

சோதனைச் சாவடி தாண்டி, வண்டி போகிற தூரம் போய், அதற்கு மேல் அருவிக்கு நடக்க வேண்டும். பாறையும் வேரும் கலந்த ஒற்றையடிப் பாதை. முதல் ஏற்றத்திலேயே அஜ்மீருக்கு மூச்சு இறைத்தது. இருபது வருடம் ஏசி ஸ்டோரில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த உடம்பு. நிசா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

“நீ எப்படி இப்படி ஏறுறே?”

“தெனம் காலையில பீச்சுல நடக்குறேன்ல. நானும் உமாமகேஸ்வரி டீச்சரும்.”

“எப்பலேருந்து?”

“மூணு வருஷமா.”

“சொல்லவே இல்லையே.”

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபமாக அல்ல. “சொன்னேன். போன்லதான் சொன்னேன். ‘ம்ம்’னீங்க.”

அந்த ‘ம்ம்’ அவனுக்கு நன்றாகத் தெரியும். வேலை முடிந்து கட்டிலில் சாய்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி சொல்கிற ‘ம்ம்’. அதற்குள் எத்தனை சேதிகள் போய் விழுந்தனவோ.

அருவி பெரியதில்லை. இரண்டு பாறைகளின் இடுக்கிலிருந்து சரிந்து வந்து, ஒரு மேடையில் உடைந்து, பச்சைத் தண்ணீராகத் தேங்கியது. சீசன் முடிகிற நேரம். வேறு யாரும் இல்லை. நிசா கண்ணாடி வளையல்களைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு நேராகத் தண்ணீருக்குக் கீழே போய் நின்றாள். தோளில் விழுந்த தண்ணீர் அவளைத் தள்ளியது. அவள் காலை ஊன்றி மறுபடி உள்ளே போனாள். சின்னப் பெண்போலச் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

இவள் இப்படிச் சிரிப்பாள் என்பது அஜ்மீருக்குத் தெரியாது. வீட்டில் கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது அவள் சிரிக்கிற சிரிப்பு வேறு.

வெளியே வந்தவள் பாறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். காதோரத்தில் நரை. அதையும் அவன் இப்போதுதான் பார்த்தான்.

“இங்க ஒரு ஈ காக்கா இல்ல,” என்றாள். “யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணும்னா கத்திக்கூட சொல்லலாம்.”

அவன் வாயைத் திறந்தான். நாக்கு நுனியில் அந்த வார்த்தை இருந்தது. அதைச் சொன்ன பிறகு இந்தச் சிரிப்பு அவள் முகத்தில் இருக்காது என்று தோன்றியது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கட்டுமே.

“பசிக்குதா?” என்றான்.

நிசா அவனையே பார்த்தாள். “பசிக்குது,” என்றாள்.

இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சட்னி காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நௌஷின் ஒங்ககிட்ட பேசினாளா?”

“பேசினா. பாண்டியில போயி எம்.எஸ்சி. படிக்கணுமாம்.”

“என்ன சொன்னீங்க?”

“பாப்போம்னேன்.”

“பாப்போம்னா?”

“பாப்போம்னா பாப்போம்தான். நீயே மாமாகிட்ட சொல்லியிருக்கலாம்ல, இப்ப கல்யாணம் வேணாம்னு?”

“சொன்னேன். ‘பொண்ணோட வாப்பா சொல்லட்டும், நான் பேச்ச நிறுத்திடுறேன்’னாங்க.” கையில் இருந்த இட்லியை அவள் பிட்டாள். “நீங்க ‘பாப்போம்’னு சொன்னா அவ ‘சரி’ன்னு எடுத்துக்குவா. சின்னப் புள்ளையிலேருந்து அப்படித்தான். அத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க.”

*

மலையிறங்கியதும் நிசா சாவிக்குக் கையை நீட்டினாள்.

“நான் ஓட்டுறேன். நீங்க வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் ஊசலாடுறத பாத்தா எனக்கு மவுத்து பயம் வருது.”

“ஒனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?”

அவள் டிரைவர் பக்கம் ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள், கண்ணாடியைச் சரி செய்தாள், கிளப்பினாள். இதையும் அவள் போனில் சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை.

வள்ளியூர் தாண்டிக் காற்றாலைகள் வந்தன, பிறகு பனைமரங்கள், பிறகு தேரிக்காட்டின் செம்மண். இரண்டு பக்கமும் மிளகாய்த்தூளைக் கொட்டியதுபோல் மண் குவிந்து கிடந்தது. அஜ்மீர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். இருபது வருடத்தில் அவன் ஊரில் இருந்த மாதங்களைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு பிள்ளை தவழ்ந்து நடக்கப் பழகுகிற காலம்தான் தேறும். மீதி வாழ்க்கையை அவள் தனியாக நடத்தியிருக்கிறாள். நடத்தி, ஒவ்வொரு வாரமும் போனில் அவனுக்கு அதைச் சொல்லியும் இருக்கிறாள்.

பெரியதாழை தாண்டி ஓர் இடத்தில் தார் ரோடு முடிந்தது. காரை ஓர் உடைமரத்தடியில் விட்டுவிட்டு மணல்மேட்டில் ஏறினார்கள். ஏறி முடித்ததும் காற்று முகத்தில் அறைந்தது. கீழே கடல். அவர்கள் ஊர்க் கடற்கரை மாதிரி சுண்டல் வண்டி, பெஞ்சு, விளக்குக் கம்பம் எதுவும் இல்லை. கண்ணுக்கு எட்டின மட்டும் வெறும் கரை. கவிழ்த்துப் போட்ட ஒரு ஃபைபர் படகு.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். வெகுதூரம் நடந்தார்கள். நிசா பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது அவனுக்காக என்பது அஜ்மீருக்குப் பிறகுதான் புரிந்தது.

“இந்தப் பக்கம் சாளை நல்லா கெடைக்கும் போல,” என்றான் அவன்.

“ம்ம்,” என்றாள் நிசா.

அப்போது அவள் போன் அடித்தது. திரையைப் பார்த்தாள். எடுக்கவில்லை. அப்படியே அவன் கையில் வைத்தாள்.

“வாப்பா. ஒங்ககிட்டதான் பேசணும் அவங்களுக்கு.”

*

“அஸ்ஸலாமு அலைக்கும் மாப்பிள்ளை.” சேக் அலாவுதீனின் குரலில் உற்சாகம். பின்னால் பேச்சுக் குரல்கள், டம்ளர்கள், யாரோ இருமுகிற சத்தம்.

“வ அலைக்கும் ஸலாம் மாமா.”

“ஜியாரத் நல்லபடியா ஆச்சா? என்ன அது சத்தம்?”

“கடல் மாமா. தர்காவுக்குப் பின்பக்கம் நிக்கிறோம்.”

“ஆமாமா, அங்க காத்து ஜாஸ்தி.” பக்கத்தில் இருப்பவர்களிடம் திரும்பி, “ஏர்வாடியில இருக்காங்க,” என்று சொல்வது கேட்டது. அதற்கு நாலைந்து பேர் “மாஷா அல்லாஹ்” என்றார்கள்.

அஜ்மீர் போனை மறு காதுக்கு மாற்றினான்.

“மாப்பிள்ளை, நாகூர்லேருந்து எல்லாரும் வந்து ஒக்காந்திருக்காங்க. பையன் நல்ல மாதிரி. நமக்குள்ள ஒரே விஷயம்தான். அடுத்த லீவுல நீங்க வர்றப்ப வீட்டு வேலைய முடிச்சு, கல்யாணத்த வச்சுக்கலாமா? பொண்ணோட வாப்பா வாயால ஒரு வார்த்தை வேணுங்கிறாங்க. சரின்னாலும் சரி, வேணாம்னாலும் சரி. ஒங்க வார்த்தைதான்.”

நிசா கடலைப் பார்க்கவில்லை. அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேணாம் மாமா. எனக்கு அடுத்த லீவு கிடையாது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் அந்தக் கூடம் அவன் கண்ணுக்குள் வந்துவிட்டது. நாற்காலிகளில் நாகூர்க்காரர்கள், நடுவே வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, மருமகனைப் பற்றிப் பெருமையாகப் பேசி முடித்திருக்கிற மாமனார்.

“இன்ஷா அல்லாஹ் மாமா,” என்றது அவன் வாய். “செஞ்சிடலாம்.”

“அல்ஹம்துலில்லாஹ்!”

போன் நின்றது. அலை வந்து கால்களை நனைத்துவிட்டுப் போனது.

“அவ்வளவுதானா?” என்றாள் நிசா.

“அத்தனை பேர வச்சுக்கிட்டு மாமா திடீர்னு கேட்டா, நான் என்னத்த...”

“நீங்க லீவுல வரலன்னு எனக்குத் தெரியும்.”

அவன் அவள் பக்கம் திரும்பினான். “தௌஹீத் சொன்னானா?”

“அவன் எங்க சொன்னான். நீங்க பொட்டியப் பிரிச்ச அன்னிக்கே தெரியும். லீவுல வர்றவங்க போத்திப் படுத்த போர்வையத் தூக்கிட்டு வருவாங்களா? கஞ்சி வைக்கிற குக்கரு, பழைய செருப்பு, ரூமுல தொழுவுற முசல்லா, எல்லாத்தையும் அழகா மடிச்சு அடியில வச்சு, மேல சாக்லேட்டைப் பரப்பியிருந்தீங்க. நான் வெளிநாட்டுச் சபராளி பொண்டாட்டிங்க. ஒங்களுக்குப் பொட்டி கட்டிக் கட்டியே என் கை காச்சுப் போச்சு.”

“அப்ப ஏன் கேக்கல?”

“கேட்டா நீங்க ஒத்துக்குவீங்க. அது சொன்னதா ஆகாது.” அவள் குரல் உயரவே இல்லை. “ஐந்தருவியில சொல்லுவீங்கன்னு பாத்தேன். மலையில கத்திக்கூட சொல்லலாம்னு நானே எடுத்துக் குடுத்தேன். கடைசியில போனையே ஒங்க கையில குடுத்தேன்.”

“நீ மாமாகிட்ட சொல்லியிருக்கலாமே நிசா.”

“ஒங்க மானத்த நான் எடுத்துட்டுப் போயி எங்க வாப்பா கையில குடுக்கவா?”

அவன் கையிலிருந்த செருப்பை மணலில் போட்டான்.

“இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க,” என்றாள். “வேல போனதுக்கு வருத்தப்படணும்னு எனக்குத் தெரியும். ஆனா அன்னிக்கு அந்தப் போர்வையப் பாத்ததும் பாத்ரூமுக்குள்ள போயி, கதவத் தாழ் போட்டுக்கிட்டு சிரிச்சேன். இனிமே இவரு போவ மாட்டாரு, நம்ம கூடவே இருப்பாருன்னு. நீங்க சொன்னதும் இத ஒங்ககிட்ட சொல்லலாம்னு இத்தன நாளா வச்சிருந்தேன்.”

நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

“இப்ப சொல்றேன். ருசியே இல்ல.”

அவள் நடக்க ஆரம்பித்தாள். வேகமாக இல்லை, பீச்சில் தினமும் நடக்கிற நடை. அஜ்மீர் அங்கேயே நின்றான். அவன் இன்றைக்குக் காப்பாற்ற நினைத்த சிரிப்பு, அவன் வாயைத் திறந்திருந்தால் வந்திருக்கும். இருபது வருடம் அவள் கேட்ட ஒரே பொருளைப் பெட்டியில் கொண்டுவந்து, சாக்லேட்டுக்கு அடியில் மறைத்து வைத்திருந்தான்.

தன் போனை எடுத்து மாமனார் எண்ணைத் தொட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தது நௌஷின்.

“வாப்பா?”

“நௌஷின், நன்னாகிட்ட போனைக் குடும்மா. அவசரம்.”

“நன்னா எல்லாருக்கும் சீனி குடுத்துட்டு இருக்காங்க வாப்பா.”

 பேச்சு முடிந்தால் பாத்திஹா ஓதி, ஆளுக்கொரு வாய் சீனி கொடுப்பார்கள். சீனி தின்ற பிறகு பேச்சு மாறிய வீட்டில் யாரும் பெண் எடுக்க வர மாட்டார்கள்.

“ஓதியாச்சா?”

“ஓதியாச்சு. எனக்கும் குடுத்தாங்க.” அவள் தள்ளிப் போனாள் போல, கூடத்து இரைச்சல் குறைந்தது. “வாப்பா, பாப்போம்னு சொன்னீங்களே.”

இருபது வயதுப் பெண். அழவில்லை. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். அவளுடைய உம்மா காத்திருந்த அதே மாதிரி.

தூரத்தில் நிசா போய்க்கொண்டிருந்தாள்.

“நௌஷின், போனை ஸ்பீக்கர்ல போடு.”

“எதுக்கு வாப்பா?”

“போடும்மா. கூடத்துல கொண்டு போயி நடுவுல வை. நாகூர்க்காரங்களும் கேக்கணும்.”

காலடிச் சத்தம். கதவுத் திரையின் வளையங்கள் நகரும் சத்தம். பிறகு கூடத்தின் இரைச்சல் முழுவதும் ஒரேயடியாக அவன் காதுக்குள் வந்தது. யாரோ “மாப்பிள்ளை மறுபடி கூப்பிடுறாங்க, சந்தோஷம் தாங்கல,” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

“சொல்லுங்க மாப்பிள்ளை,” என்றார் சேக் அலாவுதீன்.

நிசா நின்றுவிட்டாளா, திரும்பிப் பார்க்கிறாளா என்று பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

“மாமா, நான் லீவுல வரல.”

டம்ளர்களின் சத்தம் நின்றது. இருமிக்கொண்டிருந்தவரும் நிறுத்தினார்.

“சரியா கேக்கல மாப்பிள்ளை,” என்றார் மாமனார். குரலில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது. “அங்க கடல் சத்தமா இருக்கு. இன்னொரு தடவ சொல்லுங்க.”